மேஸ்திரிக்கு ஒரே காது

உடுமலைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பின்னிங் மில். பெயர் வேண்டாம், கடைசி பில் இன்னும் பாக்கி இருக்கிறது. போன தை மாதம் அங்கே ரிங் ஃபிரேம், அதாவது நூல் நூற்கும் மிஷின்கள் ஓடும் ஷெட்டில் 12 ஹியூமிடிட்டி (காற்றின் ஈரப்பதம்) சென்சார் மாட்டிக் கொடுத்தேன். எல்லாம் வயர்லெஸ். மிஷின் பேனலிலிருந்தே 24 வோல்ட் கிடைத்ததால் பேட்டரிக் கவலையும் கிடையாது. ஷெட்டின் ஒரு கோடியில், சூப்பர்வைசர் கேபின் கூரை மேல், சென்சார்கள் சொல்வதை எல்லாம் வாங்கிக்கொள்ளும் கேட்வே. அங்கிருந்து இன்டர்நெட், அப்புறம் முதலாளியின் போன்.

பஞ்சு தெரிந்தவர்களுக்கு ஈரப்பதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காக நாலு வரி. ரிங் ஃபிரேம் பகுதியில் காற்றின் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் நூல் சொன்னபடி கேட்கும். குறைந்தால் பஞ்சு காய்ந்து மின்னேற்றம் பிடிக்கும், இழை பறக்கும், நூல் அறுந்துகொண்டே இருக்கும். கூடினால் ரோலரில் சுற்றிக்கொள்ளும். அதனால்தான் தரைக்கடியில் ஆள் நடந்து போகும் அளவுக்குக் காற்றுக் குழாய் கட்டி, தண்ணீர் தெளித்த காற்றை ஷெட்டுக்குள் தள்ளுகிறார்கள். முன்பெல்லாம் தூணில் தொங்கும் வெட்-டிரை பல்ப் தெர்மாமீட்டரைப் பார்த்து ஒரு பையன் மணிக்கொரு முறை ரிஜிஸ்டரில் எழுதுவான். அந்த ரிஜிஸ்டரில் இருக்கும் எண்கள் எல்லாம் சந்தேகப்படும்படி ஒரே மாதிரி இருக்கும் என்பது வேறு விஷயம்.

12 சென்சாரும் அருமையாக ஓடின. விநாடிக்கு ஒரு முறை அளவீடு. ஈரப்பதம் விநாடிக்கு விநாடி மாறாது, நிமிடத்துக்கு ஒன்று தாராளமாகப் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. "கிராஃப் ஓடிட்டே இருக்கோணும் தம்பி, ஈசிஜி மாதிரி. நின்னா செத்துப்போன மாதிரி இருக்குது" என்றார். சரி, 12 தானே, ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு சம்மதம் பிறகு என்னை மூன்று மாதம் அலைய வைத்தது.

பங்குனியில் அவரே கூப்பிட்டார். 12 போதவில்லை, மிஷின்களுக்கு நடுவே ஒவ்வொரு சந்திலும் எந்த இடத்தில் காற்று வரவில்லை என்று தெரிய வேண்டும், மொத்தம் 180 வைத்துவிடு என்றார். 24 ரிங் ஃபிரேம், 12 சந்து, சந்துக்கு 15. ஒரு சின்னக் கம்பெனிக்கு இப்படி ஆர்டர் வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? நானும் என் இரண்டு பையன்களும் நான்கு ராத்திரி உட்கார்ந்து மாட்டினோம்.

40 வரை ஒரு குறையும் இல்லை. 60-ஐத் தொட்டதும் கிராஃபில் பல் விழுந்த மாதிரி இடைவெளிகள். 60 நோடும் (ரேடியோவோடு கூடிய ஒரு சென்சார் ஒரு நோடு) சேர்ந்து விநாடிக்கு 60 பாக்கெட், அதாவது 60 செய்தி அனுப்ப, கேட்வேக்கு வந்தது 45. பரவாயில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மேலே மாட்டிக்கொண்டே போனோம். 100-ல் வருகை 35 ஆனது. 180-ம் மாட்டி முடித்தபோது விநாடிக்கு 20 பாக்கெட்கூடத் தேறவில்லை. 60 பேர் பேசியதில் 45 கேட்டது, 180 பேர் பேசியதில் 20 கேட்கிறது. ஆள் கூடக்கூடச் செய்தி குறைகிறது.

அடுத்த ஒரு வாரம் நான் செய்ததெல்லாம் வெட்கக்கேடு. எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் சென்சாரைச் சந்தேகப்பட்டேன். இழைத் தூசி அதன் மூச்சுத் துளையை அடைத்திருந்தது உண்மைதான், ஆனால் அதனால் அளவீடு தவறுமே தவிர பாக்கெட் தொலையாது. அடுத்து மேலே ஓடும் ஓவர்ஹெட் க்ளீனரைச் சந்தேகப்பட்டேன். மிஷின் மேலே தண்டவாளத்தில் போய் வந்துகொண்டே தூசி ஊதும் சாதனம் அது, கீழே தும்பிக்கை மாதிரி இரண்டு குழாய் தொங்கும். அது கடக்கும்போதெல்லாம் அந்த வரிசை நோடுகளின் சிக்னல் விழுவதை லேப்டாப்பில் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டேன் என்று ஆன்டெனாக்களை எல்லாம் அரை அடி கீழே இறக்கினோம். விநாடிக்கு 20 என்பது 22 ஆனது. அப்புறம் டிரான்ஸ்மிட் பவரைக் கூட்டினேன். 15-ஆகக் குறைந்தது. பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும் எண்ணிக்கையை 3-லிருந்து 7 ஆக்கினேன். கேட்வே கிட்டத்தட்ட ஊமையாகிவிட்டது.

மில் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டு, டாஃபிங் ரிப்போர்ட் தாளின் பின்பக்கத்தில் அன்று போட்ட கணக்கை மாட்டுவதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டும்.

இந்த நோடுகள் பேசுவது 802.15.4 என்ற வயர்லெஸ் தரத்தில், ஜிக்பீ என்ற சென்சார் நெட்வொர்க் முறையும் அதன் மேல்தான் ஓடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் விநாடிக்கு 250 கிலோபிட். விளம்பரத்தில் பார்த்தால் பெரிய எண். என் பாக்கெட் தலைப்பு எல்லாம் சேர்த்து சுமார் 66 பைட், அது காற்றில் இருப்பது 2.1 மில்லிவிநாடி. ஆனால் அனுப்பும் முன் யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுப் பார்க்க வேண்டும், அதற்கும் முன் ஒரு தற்செயல் காத்திருப்பு, அது சராசரியாக ஒரு மில்லிவிநாடிக்கு மேல். அனுப்பிய பின் ரேடியோ திரும்பி, பதில் ரசீது வந்து சேர வேண்டும். எல்லாம் சேர்த்தால் ஒரு பாக்கெட்டுக்கு 4 மில்லிவிநாடி. ஒரே ஆள் பேசினாலும் விநாடிக்கு 250 பாக்கெட், அவ்வளவுதான்.

என் பாக்கெட்டுகள் நேராகக் கேட்வேக்குப் போகவும் இல்லை. ஒவ்வொரு ரிங் ஃபிரேமும் 40 மீட்டருக்கு மேல் நீண்ட இரும்புச் சுவர். அதனால் நோடு நோடாகக் கைமாறித்தான் போகும், சராசரியாக 3 ஹாப், அதாவது ஒரே செய்தி மூன்று முறை காற்றில் ஏறுகிறது. 180 நோடு, விநாடிக்கு ஒன்று, 3 ஹாப், ஒவ்வொன்றுக்கும் 4 மில்லிவிநாடி. பெருக்கிப் பார்த்தால் 2.16 விநாடி. ஒவ்வொரு விநாடிக்குள்ளும் 2.16 விநாடி பேச வேண்டும். டீயை வைத்துவிட்டு மறுபடி பெருக்கினேன். அதே விடை.

முதல் 12 நோடுக்கும் இதே கணக்கைப் போட்டால், கேட்வே பக்கத்திலேயே இருந்ததால் 2 ஹாப்புக்கும் குறைவு, விநாடியில் 80 மில்லிவிநாடிகூட ஆகவில்லை. காற்று 92 சதவீதம் சும்மா கிடந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் 'நல்லா ஓடுது' என்று நெஞ்சை நிமிர்த்தினேன். இந்தத் தொழிலில் எல்லாரும் பேட்டரி எத்தனை வருடம் வரும் என்றுதான் கேட்கிறார்கள். எத்தனை பேர் பேசக் காற்றில் இடம் இருக்கிறது என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. நானும்தான்.

பவரைக் கூட்டியதும் ஏன் மோசமானது? ரிங் ஃபிரேம் ஷெட்டுக்குள் ஐந்து நிமிடம் நின்றவர்களுக்கு இது தானாகப் புரியும். அங்கே இரைச்சலில் யாரும் கத்த மாட்டார்கள். கத்தினாலும் கேட்காது. பக்கத்தில் மிஷினைக் கவனிக்கும் சைடர் அக்காவின் காதருகே போய்ச் சொல்வார்கள், அவர் அடுத்தவர் காதில் சொல்வார். ஒரே நேரத்தில் ஷெட்டில் இருபது பேர் இப்படிப் பேசிக்கொள்ள முடியும், ஒருவர் பேச்சு இன்னொருவரைத் தொடாது. ஆளுக்கொரு மைக் கொடுத்துவிட்டால் ஒருவர் பேசும்போது மற்ற பத்தொன்பது பேரும் வாயை மூட வேண்டும். நான் செய்தது மைக் கொடுத்த வேலை.

இதைக் கணக்காகவே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கல்லூரியில் படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. 2000 மார்ச்சில் பியூஷ் குப்தாவும் பி.ஆர். குமாரும் வெளியிட்ட கட்டுரை. இருவரும் அப்போது அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். குமார் 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். முடித்தவர், அதனால் எங்கள் வாத்தியார் அந்தப் பாடத்தைக் கொஞ்சம் கூடுதல் பெருமையோடு நடத்துவார். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: ஒரு பரப்பில் கண்டபடி நோடுகளைத் தூவிவிட்டு, ஒவ்வொன்றும் எங்கோ இருக்கும் இன்னொன்றோடு பேச வேண்டும், நடுவில் இருப்பவை கைமாற்றிக் கொடுக்கும். ஆளுக்கு எவ்வளவு பேச்சு கிடைக்கும்?

எட்டும் தூரத்தைப் பாதியாக்கினால் ஒரு பேச்சு அடைக்கும் பரப்பு கால்வாசியாகும், அதனால் ஒரே நேரத்தில் நான்கு மடங்கு பேர் பேசலாம். ஆனால் அதே தொலைவைக் கடக்க இரண்டு மடங்கு ஹாப் வேண்டும். நான்கில் இரண்டு போய் இரண்டு மடங்கு லாபம். ஆகவே தாழ்ந்த குரலில் பேசு, இன்னும் தாழ்த்து என்றுதான் கணக்கு சொல்கிறது. ஆனால் பக்கத்து ஆளுக்கே கேட்காத அளவுக்குத் தாழ்த்த முடியாதே. அந்த எல்லை வரை போனாலும் ஆளுக்குக் கிடைப்பது குறைந்துகொண்டேதான் வரும். நோடு எண்ணிக்கையை அதன் லாகரிதத்தால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, அதால் வகுத்த பங்குதான் மிஞ்சும். 100 நோடு 10,000 ஆனால் ஒவ்வொருவர் பங்கும் சுமார் 14 மடங்கு சுருங்கும்.

இது அவரவர் வேறு வேறு ஆளோடு பேசும்போது. என் மில்லில் 180 பேரும் ஒரே ஆளோடு பேசுகிறார்கள். ஷெட்டில் எத்தனை பேர் காதோடு காதாகப் பேசினாலும், எல்லாச் செய்தியும் மேஸ்திரிக்குத்தான் போக வேண்டும் என்றால், மேஸ்திரி ஒரு நேரத்தில் ஒருவர் சொல்வதைத்தான் கேட்க முடியும். அங்கே வர்க்கமூலம் எல்லாம் கிடையாது, நேர் வகுத்தல். 180 பேர் என்றால் 180-ல் ஒரு பங்கு.

அந்த ஒரு காது முழுதாகவும் கிடைக்காது. கேட்வேக்குப் பக்கத்தில் இருக்கும் நோடு பின்னாலிருந்து வருவதைக் கேட்கும்போது முன்னால் அனுப்ப முடியாது. அது அனுப்பும்போது பின்னால் இருப்பது வாயை மூட வேண்டும். இரைச்சல், பேச்சு புரியும் தூரத்தையும் தாண்டிப் போய்க் கெடுக்கும். எம்.ஐ.டி.யில் ராபர்ட் மோரிஸ் குழு 2001-ல் வரிசையாக நிற்கும் வைஃபை நோடுகளை வைத்து இதைப் பார்த்தது. சங்கிலியில் கிடைக்கக்கூடியது சேனலின், அதாவது எல்லாரும் பேசும் அலைவரிசையின், கொள்ளளவில் கால்வாசி, நடைமுறையில் ஏழில் ஒரு பங்குதான் வந்தது. என் 250-ஐ நான்கால் வகுத்தால் 62, ஏழால் வகுத்தால் 36. நான் கண்ட உச்சம் 45. அவர்களுடையது வைஃபை, என்னுடையது வேறு ரேடியோ, ஒரே சங்கிலியும் இல்லை, அதனால் பொருத்தம் தற்செயலாகக்கூட இருக்கலாம். ஆனாலும் அந்தத் தாளில் 36-க்கும் 62-க்கும் நடுவில் 45 என்று எழுதியபோது, கேட்வே கம்பெனிக்கு நான் அனுப்பியிருந்த கோபமான ஈமெயில் ஞாபகம் வந்து கூசியது.

பவரைக் குறைத்தேன். 20 என்பது 34 ஆனது. இனி நெட்வொர்க்கில் கை வைப்பதற்கு எதுவும் இல்லை.

இந்தச் சுவரில் முட்டியவர்கள் என்னைவிடப் பெரிய ஆட்கள் என்பதில் ஒரு ஆறுதல். சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 64 நோடு கட்டிப் பாலத்தின் அதிர்வை அளந்தார்கள், கட்டுரை 2007-ல் வந்தது. 4,200 அடி நீளமுள்ள நடுப் பாலம், தெற்குக் கோபுரம். விநாடிக்கு 1,000 முறை அளவீடு, 46 ஹாப் தாண்டி வர வேண்டும். 46-வது ஹாப்பிலிருந்து அவர்களுக்குக் கிடைத்த வேகம் விநாடிக்கு 441 பைட். ஒரு அளவீட்டுக்கு 2 பைட், நோடுக்கு ஒரே அளவீட்டு வரிசை என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், அந்தக் கடைசி நோடு ஒரு விநாடியில் சேர்த்ததை அனுப்ப நாலரை விநாடி ஆகும், அதுவும் மற்ற எல்லாரும் சும்மா இருந்தால். அதனால் முதலில் அளந்து சேமித்துக்கொண்டு, பிறகு நிதானமாக ஒவ்வொரு நோடாக எடுத்தார்கள். பாலத்தின் முதலாளி யாரும் ஈசிஜி கேட்கவில்லை போலிருக்கிறது.

இங்கே என் பார்ட்னர் ஒரு நல்ல வாதம் வைத்தான். "அண்ணா, ஒரே சந்தில் இருக்கும் 15 சென்சாரும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தானே சொல்லும்? நெருக்கமாக வைக்க வைக்க வித்தியாசம் குறையும். சுருக்கி அனுப்பினால் ஆள் கூடினாலும் பாரம் கூடாதே?" எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேனியல் மார்க்கோ, என்ரிக் துவார்ட்டே-மெலோ, மிங்யான் லியு, டேவிட் நியூஹோஃப் நால்வரும் 2003-ல் இதையே கேட்டிருக்கிறார்கள். விடை பாதகமாக வந்தது. ஒவ்வொரு சென்சாரும் தன் அளவீட்டைத் தனியாக ஒரு படிக்கு முழுமையாக்கி, அதை எல்லாரும் சேர்ந்து எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் சுருக்கினாலும், நோடு நெருங்க நெருங்க மொத்த பிட் எண்ணிக்கை எல்லையில்லாமல் கூடும். ஒற்றைக் காதின் கொள்ளளவோ மாறாமல் நிற்கும். ஏதாவது ஒரு அடர்த்தியில் இது அதை முந்திவிடும்.

சந்திலேயே இதைப் பார்க்கலாம். 58.4 என்பது 58 ஆகிறது, பக்கத்து 58.6 என்பது 59 ஆகிறது. இரண்டுக்கும் நடுவே எங்கே மாறியது என்பதும் ஒரு செய்தி. நடுவில் பத்து சென்சார் கூடுதலாக வைத்தால் அந்த எல்லை இன்னும் துல்லியமாகத் தெரியும், அந்தத் துல்லியத்தைச் சொல்லவும் பிட் வேண்டும். யாருக்கும் வேண்டாத துல்லியம், ஆனாலும் 'எல்லாம் வேண்டும்' என்று கேட்டால் அதுவும் சேர்ந்துதான் வரும்.

'லோராவுக்கு மாறிவிடேன்' என்றார் கோவையில் ஒரு நண்பர். லோரா என்பது மெதுவாக, ஆனால் வெகுதூரம் பேசும் ரேடியோ. அதையும் தாளில் போட்டேன். இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை 2005-லிருந்தே லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம், இயல்பாக வரும் சேனல் மூன்று. 12 பைட் அளவீட்டை லோராவேன் என்ற லோரா நெட்வொர்க் முறையில் அனுப்ப, எஸ்.எஃப். என்ற வேகப் படிகளில் வேகமான எஸ்.எஃப். 7-ல் 62 மில்லிவிநாடி, மெதுவான எஸ்.எஃப். 12-ல் 1.48 விநாடி. நிமிடத்துக்கு ஒரு அளவீடு என்றால் எஸ்.எஃப். 7-ல் மூன்று சேனலுக்கும் பிரித்தால் காற்றில் 6 சதவீதம்தான் நிரம்பும், ஓடும். எஸ்.எஃப். 12-ல் 148 சதவீதம். அதிலும் லோராவில் யாரும் கேட்டுவிட்டுப் பேசுவதில்லை, தோன்றியபோது பேசுவார்கள். நார்மன் ஏப்ரம்சன் 1971-ல் ஹவாய்த் தீவுகளுக்கு நடுவே ஓடவிட்ட அலோஹா முறையேதான். அந்த முறையில் சேனலின் 18.4 சதவீதத்துக்கு மேல் யார் என்ன செய்தாலும் உருப்படியாகப் போகாது. விநாடிக்கு ஒன்று என்ற பேச்சே அங்கே எடுபடாது. நிமிடத்துக்கு ஒன்று என்று முதலாளி ஒப்புக்கொள்வார் என்றால் நான் ஏன் ரேடியோவை மாற்ற வேண்டும்?

ஆக, முதலாளியிடம் போய் உட்கார்ந்தேன். கணக்கைக் காட்டவில்லை. "உங்களுக்கு என்னங்க தெரியணும்?" என்று மட்டும் கேட்டேன்.

"எல்லாம் தெரியணும்" என்றார்.

"காலையில போனைத் திறந்ததும் முதல்ல எதைப் பாப்பீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "எந்தச் சந்துல ரொம்பக் காஞ்சிருக்குதுன்னு பாப்பேன். அப்புறம் மொத்தமா ஷெட் எப்படி இருக்குதுன்னு."

அதாவது ஒரு குறைந்தபட்சம், ஒரு சராசரி. இந்த இடத்தில்தான் அதே குமார், அரவிந்த் கிரிதரோடு சேர்ந்து 2005-ல் எழுதிய இன்னொரு கட்டுரை கைகொடுத்தது. நோடுகள் சும்மா கைமாற்றாமல் வழியிலேயே கணக்குப் போட்டு அனுப்பினால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறார்கள். எல்லா அளவீடும் வேண்டும் என்றால் 180-ல் ஒரு பங்கு வேகம். சராசரி மாதிரி ஒன்று போதும் என்றால் வேகம் எண்ணிக்கையின் லாகரிதத்துக்குத் தக்கபடிதான் குறையும், 180-க்கு அது 5.2. அதிகபட்சம், குறைந்தபட்சம் மாதிரி என்றால் லாகரிதத்துக்கும் லாகரிதம், 1.6. மாறிலிகள் வேறு இருக்கின்றன, இந்த எண்களை அப்படியே பில்லில் போட முடியாது. ஆனால் 180 எங்கே, 1.6 எங்கே! ஒரு வாரமாக ஆன்டெனாவைத் திருகிக்கொண்டிருந்தவனுக்கு அந்த மூன்று எண்களையும் ஒரே வரியில் பார்த்தபோது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

சந்துக்கு ஒரு தலைமை நோடு வைத்தோம். 15 பேரும் குறைந்த பவரில், 30 விநாடிக்கு ஒரு முறை, தங்கள் தலைமைக்கு மட்டும் சொல்வார்கள். தலைமை நோடு குறைந்தது, கூடியது, சராசரி மூன்றையும் ஒரே பாக்கெட்டில் கட்டி மேலே அனுப்பும். முழு அளவீடும் அதன் மெமரி கார்டில் கிடக்கும், வேண்டுமானால் ராத்திரி எடுத்துக்கொள்ளலாம், கோல்டன் கேட் ஆட்கள் செய்த மாதிரி. கணக்கு: 12 சந்துக்குள்ளும் சேர்த்து விநாடிக்கு 6 பாக்கெட், மேலே போவது 0.4, அது 3 ஹாப். மொத்தம் விநாடியில் 29 மில்லிவிநாடி. 2.16 விநாடி கேட்ட அதே ஷெட், அதே ரேடியோ. கிராஃப் ஓட வேண்டுமே என்று போன் ஆப்பில் இரண்டு புள்ளிக்கு நடுவே கோட்டை மெதுவாக வரைய வைத்தோம். ஈசிஜி மாதிரியே இருக்கிறது. முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

சித்திரை மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. மேஸ்திரி போன் பண்ணினார். முப்பது வருடமாக அந்த ஷெட்டில் இருப்பவர். "ஏனுங் சார், உங்க போனு 57-ன்னு காட்டுதுங்க. இங்க நூலு அந்து அந்து போவுது. சைடர் புள்ளைங்க ஓடி மாளல. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க."

ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்டில் தண்ணீர் தெளிக்கும் பம்ப் ட்ரிப் ஆகியிருந்தது. காற்றாடி ஓடுகிறது, தண்ணீர் இல்லை. வெளியே சித்திரை வெயில், உள்ளே வெறும் காய்ந்த காற்று. ஈரப்பதம் 57-லிருந்து கடகடவென்று இறங்கியிருக்கிறது. அதைச் சொல்லத்தானே 180 சென்சார்?

தவறு என்னுடையது. 52-க்குக் கீழே போனால் தலைமை நோடுக்குக் காத்திருக்காமல் நேராகக் கேட்வேக்கு அலாரம் அனுப்பு, கேபினில் யாராவது பார்த்து அமுக்கும் வரை விநாடிக்கு ஒரு முறை அனுப்பிக்கொண்டே இரு என்று எழுதி வைத்திருந்தேன். ஒரு சென்சார், இரண்டு சென்சார் என்று யோசித்துத்தான் அப்படி எழுதினேன். பம்ப் நின்றால் 180-ம் ஒன்றன்பின் ஒன்றாக 52-ஐத் தாண்டும் என்று தோன்றவே இல்லை. 180 நோடு, விநாடிக்கு ஒன்று, 3 ஹாப். அதே 2.16 விநாடி. முதலில் அலாரம் அடித்த நோடின் குரல்கூட, நெரிசலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்த ஓரிரு பாக்கெட்டாகக் கேபின் திரையில் ஒரு முறை மின்னியிருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. அதன் பிறகு கேட்வேக்கு உருப்படியாக எதுவும் வரவில்லை. வராததால் ஆப் கடைசியாகத் தெரிந்த 57-ஐயே காட்டிக்கொண்டிருந்தது, பச்சை நிறத்தில். அமைதியான நாட்களில் 29 மில்லிவிநாடி என்று பெருமைப்பட்டேனே, அமைதியான நாளில் யாருக்கு இந்தச் சென்சார் வேண்டும்?

திருத்தத்துக்கான யோசனை புதிதல்ல. ட்ரிக்கிள் என்று ஒரு முறை இருக்கிறது. ஃபிலிப் லெவிஸும் மற்றவர்களும் 2004-ல் எழுதியது, 2011-ல் இணையத் தரமாகவும் வந்தது. நோடுகளுக்குள் புது புரோகிராமைப் பரப்புவதற்காகச் செய்தது. நான் சொல்லப்போவதையே பக்கத்தில் இருக்கிற இரண்டு பேர் சொல்லிக் கேட்டுவிட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன், புதிதாக ஏதும் இல்லை என்றால் அடுத்த முறை பேசும் இடைவெளியை இரட்டிப்பாக்குவேன், அவ்வளவுதான் அதன் சாரம். மரியாதையான வம்புப் பேச்சு என்று அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊர் வம்புப் பேச்சில் இந்த விதி கிடையாது. இரண்டு பேர் சொல்லிக் கேட்டால் மூன்றாவது ஆளுக்கு இன்னும் உற்சாகம்தான்.

அதை அலாரத்துக்கு மாற்றி எழுதினேன். 52-க்குக் கீழே போனதும் நோடு கொஞ்சம் தற்செயலாகக் காத்திருக்கும். அதற்குள் அதே சந்திலிருந்து இரண்டு அலாரம் காதில் விழுந்தால் பேசாமல் இருக்கும். பேசினால் அடுத்து 2 விநாடி, 4, 8 என்று 64 வரை இடைவெளி நீளும். முன்னிலும் மோசமான எண் வந்தால் மறுபடி 1-லிருந்து. கூடவே இன்னொன்று, என் வரையில் இதுதான் ரொம்ப முக்கியம்: 90 விநாடி ஒரு சந்திலிருந்து செய்தி வராவிட்டால் அந்தச் சந்து ஆப்பில் சாம்பல் நிறமாகும். பழைய எண்ணைப் பச்சையில் காட்டுவது பொய் சொல்வது.

சோதிக்க மில் விடுமுறை நாள் வரை காத்திருந்து, பம்ப்பை வேண்டுமென்றே நிறுத்தினோம். மேஸ்திரியும் வந்து நின்றார். முதல் அலாரம் கேபினில் அடித்தபோது, "அஞ்சாவது சந்துல இருந்து வந்துச்சுங்களா?" என்று கேட்டார். ஆமாம், ஐந்துதான். எப்படித் தெரியும் என்றேன். அந்தச் சந்தில்தான் எப்போதும் முதலில் மூக்கு காயும் என்றார். 180 பேரில் சுமார் 30 பேர் பேசினார்கள், மற்றவர்கள் அடக்கமாக இருந்தார்கள். 12 சந்தின் நிலவரமும் வந்து சேர்ந்தது.

போன வாரம் முதலாளி மறுபடி கூப்பிட்டார். "தம்பி, எல்லாம் நல்லா ஓடுது. இனி ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் ஒண்ணு வெச்சுருவோமா? நூலு அந்தா உடனே தெரியோணும்." ஸ்பிண்டில் என்பது ஒரு நூலைச் சுற்றும் கதிர். மிஷினுக்கு 1,200 ஸ்பிண்டில், 24 மிஷின். இந்த முறை தாளை முதலிலேயே எடுத்தேன். 28,800 சென்சார், நிமிடத்துக்கு ஒரே ஒரு செய்தி, ஒரே ஒரு ஹாப் என்று மிகக் கருணையோடு வைத்துக்கொண்டாலும் விநாடிக்கு 1.92 விநாடி.

"மிஷின் நீளத்துக்கு ஒயர் இழுத்துரலாங்க" என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். "வயர்லெஸ்ஸுன்னு சொல்லித்தானே தம்பி என்கிட்ட வந்தே?" என்றார். கேபிளுக்குக் கொட்டேஷன் போட்டுக்கொண்டிருக்கிறேன், மீட்டர் கணக்கில்.